அரை மூச்சு

ராயபுரத்தில் ஜெபசிங் அண்ணாச்சியின் கடைக்குக் கயிறு வாங்க வருகிறவர்கள் உட்காருவதில்லை. படகுக்கு என்ன வேண்டும் என்று நின்றபடியே சொல்லி, எடை போட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்குள் ஒரே ஒரு நாற்காலி, அதுவும் அண்ணாச்சியுடையது. அந்த ஜனவரி மாதத்துப் பகலில் அவர் மிதவைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, துண்டால் தூசியும் தட்டி, "உக்காரும்மா" என்றபோதே யசோதரா உஷாராகிவிட்டாள். நல்ல சேதி சொல்கிறவர்கள் ஸ்டூலைத் துடைத்துப் போடமாட்டார்கள்.

"மாயாவோட அக்ரிமென்ட் மே மாசக் கடைசியில முடியுது" என்றார் அண்ணாச்சி. "பெங்களூர்க்காரங்க வேற மூக்க நீட்டிக்கிட்டு இருக்காங்க. இப்பமே நீட்டிப் போட்டுருவமா, இல்ல, சீசன் முடியட்டும்னு பொறுப்பமா? நான் கோட்டுக்கு வெளிய நின்னு பாக்கேன். நீ உள்ள நின்னு பாக்க. நீயே சொல்லு."

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கடை வைத்த குடும்பம் அவருடையது. பதினோரு வருடமாக ஒரு பெண்கள் கால்பந்து அணியைக் கட்டி மேய்க்கிறார். நார்த் ஹார்பர் என்று பெயர். யசோதரா அதன் கேப்டன். வயது முப்பத்தொன்று, முதுகில் பத்தாம் நம்பர், இரண்டு முட்டியிலும் தழும்பு. மாயாவுக்கு வயது பத்தொன்பது. முட்டியில் ஒரு கீறல் கிடையாது.

"நீட்டினா என்ன அண்ணாச்சி ஆவும்?" என்று கேட்டாள் யசோதரா.

"நீட்டினா மூணு வருசம். மூணு வருசம்னா டீமையே அவளச் சுத்தித்தான் கட்டணும். உன்னைக் கொஞ்சம் பின்னால எறக்கி ஆடவைக்கணும். சில மேட்சுக்கு வெளியவும்..." மீதியை அவர் கயிற்றுச் சுருளிடம் சொல்வதுபோல முணுமுணுத்தார்.

பதினாலு வருடம் ஓடியவளை ஒரு முணுமுணுப்பில் வெளியே உட்காரவைத்துவிட்டார் மனிதர். யசோதரா ஒரு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பொறுங்க அண்ணாச்சி. சீசன் முடியட்டும். வேகம் கீது, இல்லன்னு சொல்லல. ஆனா ஆறு மேட்சுல பதினோரு ஆஃப்சைடு. நீங்களே எண்ணிப் பாருங்க. எப்ப ஓடணும்னு தெர்ல அதுக்கு. அத்த நம்பி டீம கட்டுவீங்களா?"

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். பதினொன்று சரியாக வந்தது. "அதுவும் வாஸ்தவந்தான். எடுக்க சரக்க சோதிச்சுல்லா எடுக்கணும்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஒரு பெண்ணின் மூன்று வருடம் ஒரு டீ ஆறுவதற்குள் தள்ளிப்போடப்பட்டது.

இதில் ஒரு சங்கதி அண்ணாச்சிக்குத் தெரியாது. அந்தப் பதினோரு ஆஃப்சைடும் யசோதரா தன் காலால் செய்தவை.

ஆட்டம் பார்க்காதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். பந்து ஒருத்தியின் காலைவிட்டுக் கிளம்புகிற அந்தக் கணத்தில், அதை வாங்கப் போகிறவள் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கக்கூடாது. நின்றால் ஆஃப்சைடு. கோட்டோரம் ஓடும் நடுவர் கொடியைத் தூக்கிவிடுவார், கோல் அடித்தாலும் செல்லாது. யசோதரா தலையை நிமிர்த்தினால் பாஸ் வருகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் மாயா பாய்வாள். அந்த நொடியே பந்தைத் தட்டிவிட்டால் மாயா தனியாகக் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருப்பாள். தட்டாமல் ஒரு அரை மூச்சு பொறுத்துத் தட்டினால் மாயா வரிசையைத் தாண்டி நிற்பாள், கொடி ஏறும். பார்க்கிறவர்கள், "சின்னப் பொண்ணு, அவசரப்படுது" என்பார்கள். பாஸ் கொடுத்தவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சொல்லப்போனால், "கேப்டன் எவ்ளோ அழகா குடுக்குறா, அதுக்கு வாங்கத் தெர்ல" என்று பரிதாபம்கூடப் படுவார்கள்.

முதல் தடவை தெரியாமல் நடந்ததுதான். நவம்பரில், லீக் தொடங்குமுன், காலடிப்பேட்டை மைதானத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில், கால் ஈரத்தில் வழுக்கித் தாமதமாகிவிட்டது. கொடி ஏறியது. மாயா இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அப்போது யசோதராவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஜில்லென்று இறங்கியது. வெட்கப்பட வேண்டிய சுகம். இரண்டாவது தடவை கால் வழுக்கவில்லை.

அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் அவள் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வலியைத் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டு ஐந்து மணிக்கே மைதானத்துக்கு வருகிறவள் இவள். ஆறு மணிக்குக் கொட்டாவி விட்டபடி வந்து, முதல் பந்திலேயே மூன்று பேரைத் தாண்டிப் போகிறவள் அவள். இவள் பதினாலு வருடத்தில் கற்றதை அவள் தூங்கி எழுந்தே செய்தாள். போதாததற்கு நல்ல பெண் வேறு. திமிர் பிடித்தவளாக இருந்தால் வெறுப்பதற்காவது வசதியாக இருக்கும். "யக்கா, உன்ன மாதிரி தலைய தூக்கி ஆட எனக்கு எப்ப வரும்க்கா?" என்று கேட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டிலை முதலில் இவளிடம் நீட்டுவாள். யசோதரா அதை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவாள்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கெங்கம்மா.

கெங்கம்மா யசோதராவின் அம்மா. வியாசர்பாடி எம்.கே.பி. நகர் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு. சாயங்காலம் தெருமுனையில் வண்டிக்கடை, பீஃப் பக்கோடா. மகள் பந்தாட ஆரம்பித்த காலத்தில் அவள் செய்யாத ரகளை இல்லை. "தொடைய காட்டிகினு ஆம்பளப் பசங்க மாதிரி இன்னாமே ஓட்டம்?" என்று முதல் பூட்ஸை ஒளித்துவைத்தாள். மகள் அதைத் தேடி எடுத்துத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, "பூட்ஸா? எனக்குத் தெரியாதும்மா" என்றாள். மாநில அணிக்கு ஆடியபோதும் சரி, கோப்பையோடு வீட்டுக்கு வந்தபோதும் சரி, கெங்கம்மா மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பதினாலு வருடத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

இந்த சீசனில் எல்லா ஆட்டத்துக்கும் வந்தாள். அதே பிளாக்கின் தரைத்தளத்தில்தான் மாயா வீடு. மாயாவின் அம்மா எண்ணூரில் இறால் உரிக்கும் ஷெட்டுக்கு ஞாயிறும் போகவேண்டியவள். "புள்ளைய கொஞ்சம் இட்டுகினு போய் இட்டுகினு வாங்கக்கா" என்று கெங்கம்மாவைக் கேட்டாள். கெங்கம்மாவும் கூடையில் தண்ணீரும் முறுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோட்டோரம், கொடி பிடிக்கும் நடுவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "மாயா! வுடாத மாயா!" என்று பக்கோடா விற்கும் குரலில் கத்தினாள்.

பெற்ற தாய் ஊரான் வீட்டுப் பெண்ணுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டுக்கொண்டே பந்தை உருட்டிப் பார்த்தால்தான் தெரியும், அரை மூச்சு எங்கிருந்து வருகிறதென்று. அம்மா ஒருமுறை, ஒரே ஒருமுறை, "யசோதா" என்று கத்தியிருந்தால் அவள் பந்தை நேரத்துக்கு விட்டிருப்பாளோ என்னவோ. இப்படித்தான் அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். பொறாமைக்காரர்களுக்கு நியாயத்துக்குப் பஞ்சமே இருக்காது.

ஏப்ரல் தொடக்கத்தில் லீக் முடிந்தது. மாயாவின் பெயரில் மொத்தம் பதினாறு கொடி. யசோதராவின் மனக்கணக்கில் பதினேழு. மார்ச்சில் ஒருதடவை அவள் அதேபோல மூச்சை இழுத்துப் பிடித்தாள், மாயாவும் பாய்ந்துவிட்டாள், ஆனால் என்னவோ மனம் கூசி, பாஸே கொடுக்காமல் பந்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பந்து போகாததால் கொடி இல்லை. பார்த்தவர்களுக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. அவளுக்கு மட்டும் அது கணக்கில் நின்றது.

அண்ணாச்சி இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஏப்ரல் பதினாலு வந்தது. வியாசர்பாடியில் அன்றைக்கு அம்பேத்கர் பிறந்தநாள் ஆட்டம். எந்த கிளப்போடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அன்றைக்கு அவரவர் பிளாக்குக்குத்தான் ஆடவேண்டும். ஆடாதவள் அப்புறம் குழாயடியில் குடம் வைக்க முடியாது. அண்ணாச்சியே அன்றைக்குக் கண்ணை மூடிக்கொள்வார். நீலக்கொடித் தோரணம், பறை, மோர்ப்பந்தல், நான்கு பக்கமும் மொட்டைமாடி நிறைய ஜனம். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், கட்டாந்தரை.

யசோதராவும் மாயாவும் ஒரே பிளாக், ஆகவே ஒரே அணி. முதல் ஆட்டத்தில் மூன்றாவது நிமிடம் யசோதராவின் காலுக்குப் பந்து வந்தது. தலையை நிமிர்த்தினாள். மாயா பாய்ந்தாள். ஐந்து மாதம் பழகிய கால், தன்னால் அரை மூச்சு பொறுத்துப் பந்தைத் தட்டிவிட்டது. மாயா எல்லாரையும் தாண்டித் தனியாக நின்று அதை வாங்கி, கோல்கீப்பரைச் சும்மா ஒரு பார்வை பார்த்து உள்ளே தள்ளினாள். மொட்டைமாடிகள் அதிர்ந்தன.

கொடி எங்கே என்று யசோதரா கோட்டோரம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அப்படி ஒரு ஆளே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. இதே மண்ணில் பதினாலு வருடம் ஆடியவளுக்கு, பொறாமையில் அது மறந்தே போயிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பெரிய பேஜாரு. தாமதமாகக் கொடுத்தால் மாயா தனியாக நின்று அடித்தாள். நேரத்துக்குக் கொடுத்தால் ஓடி வாங்கி அடித்தாள். கொடுக்கவே வேண்டாம் என்று யசோதரா தானே கோலுக்கு அடித்தாள். அது கம்பத்தில் பட்டுத் திரும்பி, நேராக மாயாவின் காலடியில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று ஆட்டம், ஒன்பது கோல். ஒன்பதையும் மாயா அடித்தாள். ஏழு பாஸ் யசோதராவுடையது.

பரிசு கொடுத்து முடிந்ததும், தலையில் தொப்பி வைத்த ஒரு பெண் யசோதராவைத் தேடி வந்தாள். பெங்களூர் அணியின் பயிற்சியாளர், பெயர் கௌசர்.

"லீக்ல ரெண்டு மேட்ச் பார்த்தேன். எப்பவும் கொடிதான். இந்தப் பொண்ணு வேணாம்னு எழுதிட்டுக் கிளம்ப இருந்தேன்" என்றாள் கௌசர். "இன்னிக்குத்தான் புரிஞ்சது. தப்பு அவ ஓட்டத்துல இல்ல. உங்க பாஸ் ஒரு துளி லேட்டா வருது. தப்பா நினைக்காதீங்க, வயசானா எல்லாருக்கும் கால் கொஞ்சம் மந்தமாகும். எனக்கும் ஆச்சு."

யசோதராவுக்குக் காது இரண்டும் எரிந்தது. கால் மந்தமில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிற கால், நொடியை இரண்டாக வெட்டிக் கொடுக்கிற கால் என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். "ஆமா மேடம்" என்று தலையாட்டினாள். செய்த வேலைக்குக் கிடைத்த முதல் கூலி அதுதான்.

மறுநாள் காலை அண்ணாச்சி ஒப்பந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு குடியிருப்புப் படியேறி வந்தார். மாயா பெங்களூருக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். "போன வாரம் வரைக்கும் நீங்க கேட்டிருந்தா கண்ண மூடிகினு கையெழுத்து போட்ருப்பேன் அண்ணாச்சி" என்றாள் அவள், மெய்யாகவே வருத்தப்பட்டு.

அண்ணாச்சி மூன்றாம் மாடிக்கு வந்து யசோதராவின் முன்னால் நின்றார். முகம் கறுத்திருந்தது. "உன் வாக்கக் கேட்டுப் பொறுத்தேன். ஜனவரியில ஒரு கையெழுத்து வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். சரி, போட்டும், நான்லா யோசிச்சிருக்கணும். உனக்கு ரெண்டு வருசம் நீட்டித் தாரேன். இனி உன்ன விட்டா யாரு இருக்கா எனக்கு?"

ஜனவரியிலிருந்து அவள் எதற்காகக் கிடந்து தவித்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. பத்தாம் நம்பர், கேப்டன் பட்டை, இரண்டு வருடம். அன்று ராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே மூடிவைத்தாள்.

அதைவிடக் கொடுமை அடுத்த வாரங்களில் நடந்தது. "யசோதராதான் உன்ன இப்ப நீட்டவேண்டாம்னு சொன்னா" என்று அண்ணாச்சி ஆற்றாமையில் மாயாவிடம் சொல்லிவிட்டார். மாயா அதை அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டாள். ஜனவரியிலேயே பெங்களூர் வருமென்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, தன்னை இங்கேயே மூன்று வருடம் கட்டிப்போட்டுவிடக் கூடாதென்று அக்கா தடுத்திருக்கிறாள் என்று பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டாள். குழாயடியில் பெண்கள் யசோதராவுக்கு வழிவிட்டார்கள். "தனக்கு நட்டம்னு தெரிஞ்சே அந்த புள்ளைய பறக்க வுட்டா பாரு" என்றார்கள். அவள் காதுபடச் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லும் செருப்படியாக விழுந்தது.

ஜூன் முதல் வாரம், சென்ட்ரலில் காலை ரயில். மாயாவின் அம்மாவுக்கு அன்றைக்கும் லீவு கிடைக்கவில்லை. வழியனுப்ப கெங்கம்மாவும் யசோதராவும்தான் போனார்கள். பெட்டி ஏற்றியானதும் மாயா யசோதராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நீ மட்டும் அன்னிக்கு அப்டி சொல்லலன்னா..."

யசோதராவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "இந்தா மாயா, கேளு. உனக்கு நல்லது பண்ணணும்னு சொல்லல. வயித்தெரிச்சல்ல சொன்னேன். பாஸும் வேணும்னேதான் லேட்டா குடுத்தேன். அத்தினி கொடியும் என்னாலதான் ஏறுச்சு. போதுமா?"

மாயா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "பாரு கெங்கம்மாக்கா, தேங்க்ஸ் சொன்னா எப்டி பேசுது பாரு! உனக்கு எப்பவும் இதே வேலதான்க்கா, பெரும வாணாம்னுட்டு." அவள் கட்டிப்பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. ரயில் நகர்ந்தது. உண்மையைச் சொல்லியும் அது செல்லாத நோட்டாகத் திரும்பி வந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகும் இருவரும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கெங்கம்மா கூடையிலிருந்து முறுக்கு எடுத்து ஒடித்து, பாதியை மகளிடம் நீட்டினாள்.

"நீ சொன்னியே, வயித்தெரிச்சல்னு. மெய்யாவா?"

யசோதரா அம்மாவைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "சேச்சே. சும்மா சொன்னேம்மா, அது அழுவக்கூடாதுன்னு."

"தோ, இப்ப இஸ்த பாரு ஒரு மூச்சு" என்றாள் கெங்கம்மா. "அத்தத்தான் கேக்குறேன். டிரம்முக்குப் பின்னால பூட்ஸ வெச்சினு தெரியாதும்மான்ன பாரு, அன்னிக்கும் இதே மூச்சுதான். பொய் சொல்லணும்னா உனக்கு மொதல்ல மூச்சு இஸ்துக்கணும். பந்தாட்டம் எனக்கு இன்னா தெரியும்? ஒரு எழவும் தெரியாது. ஆனா அந்த புள்ள ஓட சொல்லோ நீ இந்த மூச்ச இஸ்துகினுதான் பந்த வுட்ட."

யசோதரா தண்டவாளத்தைப் பார்த்தாள். முறுக்கு கையிலேயே இருந்தது.

"கத்தினா நிறுத்துவியோன்னு அது பேர சொல்லிச் சொல்லிக் கத்தினேன். நீ நிறுத்தல. பதினேழு வாட்டி."

"பதினாறும்மா" என்றாள் யசோதரா தன்னையறியாமல். "கொடி பதினாறுதான் ஏறுச்சு."

"கொடிய யாரு எண்ணினா? ஒருவாட்டி மூச்ச இஸ்த, அப்பால இன்னா தோணுச்சோ, பந்த வுடாம அந்தாண்ட திருப்பிகினு போய்ட்ட. அத்தையும் சேத்துத்தான் பதினேழு. அன்னிக்கு மட்டும் வூட்ல உனக்கு ரெண்டு முட்ட வெச்சேன், கெவனிச்சியா?"

மார்ச் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை யசோதராவுக்கு ஞாபகம் வந்தது. மைதானமே மாயாவின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவர் பார்த்தார், அண்ணாச்சி பார்த்தார், கௌசர் பார்த்தாள். பந்து போகவே போகாத அந்த ஒரு தடவையைப் பார்த்திருக்க வேண்டுமென்றால், அம்மா மாயாவைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

"துன்னு" என்றாள் கெங்கம்மா. "அடுத்த சீசன் எப்ப ஆரம்பிக்கிறாங்கோ?"

"நவம்பர்" என்றாள் யசோதரா.  முறுக்கைக் கடித்தாள்.